30 ஆம்ப் டிரெய்லர்: கேம்ப்கிரவுண்ட் கரண்டைச் சோதித்துவிட்டுச் சொருகுவது எப்படி

காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் டிரெய்லரை முதல்முறை வாங்கியவர்கள் பலர் ஒரு சர்ஜ் புரொடெக்டரை மாட்டிவிட்டு, கரண்ட் விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். மின்னல் வெட்டும்போது கண நேரம் பாயும் உயர் வோல்டேஜை மட்டும்தான் அது தடுக்கும். அமெரிக்கக் கேம்ப்கிரவுண்டுகளில் ஏசி கம்ப்ரெசரின் ஆயுளைத் தின்பது பெரும்பாலும் தாழ்ந்த வோல்டேஜ். ஜூலை மாதம், மாலை ஐந்து மணி, எல்லா டிரெய்லரிலும் ஏசி ஓடுகிறது. பெடஸ்டலில், அதாவது டிரெய்லரைச் சொருகும் கரண்ட் கம்பத்தில், 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 102 இருக்கிறது. சர்ஜ் புரொடெக்டரின் பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

வோல்டேஜ் ஏன் இவ்வளவு இறங்குகிறது? அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 551ஆம் பிரிவு, டிரெய்லர் நிறுத்தும் 36 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் பொது வயரை (ஃபீடர்) மொத்த லோடில் 41 சதவீதத்துக்குக் கணக்கிட்டால் போதும் என்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் முழு லோடு இழுக்க மாட்டார்கள் என்ற அனுமானம் அது. வெயில் காலச் சனிக்கிழமையில் அந்த அனுமானம் பொய்த்துப்போகும். வயர் நீளமாகவும் பழசாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏசி போன்றவற்றின் மோட்டார்கள் 115 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. 10 சதவீதம் கூடக்குறைய இருந்தால் தாங்கும். கீழ் எல்லை 103.5 வோல்ட். 104 வோல்ட்டிலேயே மோட்டார் கிளம்பும் விசை கிட்டத்தட்ட 18 சதவீதம் குறைந்துவிடுகிறது, ஏனென்றால் அது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. கிளம்ப முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும் கம்ப்ரெசர், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். சுருள் சூடாகும், இன்சுலேஷன் கருகும். அன்றே செத்துவிட்டாலாவது காரணம் தெரியும். பெரும்பாலும் இரண்டு கோடை தாண்டித்தான் சாகும்.

எதை வாங்குவது

உங்களுக்கு வேண்டியது இஎம்எஸ். வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும், எர்த் இல்லாவிட்டாலும், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் கரண்டைத் துண்டிக்கும் பெட்டி இது. ஊரில் ஏசிக்கு மாட்டும் ஸ்டெபிலைசர் போல இது வோல்டேஜை ஏற்றித் தராது. அதில் இருக்கும் டைம் டிலே மட்டும் இதிலும் உண்டு. ப்ரோக்ரெசிவ் இண்டஸ்ட்ரீஸ் பெட்டிகள் 104 வோல்ட்டுக்குக் கீழும் 132க்கு மேலும் துண்டிக்கும். கரண்ட் திரும்ப வந்தால் 136 விநாடி காத்திருந்துதான் உள்ளே விடும். அதற்குள் கம்ப்ரெசரில் கேஸ் அழுத்தம் சமநிலைக்கு வந்துவிடும்.

என் தேர்வு ஹியூஸ் பவர் வாட்ச்டாக். போனிலேயே வோல்டேஜும் ஆம்பும் தெரியும், மழையில் குடை பிடித்துக்கொண்டு பெடஸ்டலுக்கு ஓட வேண்டியதில்லை. சர்ஜ் அடி வாங்கிய உள்பலகையை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். ஒன்றில் கவனமாக இருங்கள்: இதே தோற்றத்தில் இரண்டு வகை உண்டு. பெயரில் ‘இபிஓ’ என்ற எழுத்துகள் இருப்பதுதான் கரண்டைத் துண்டிக்கும். மற்றது எச்சரிக்கை மட்டும் தரும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

வெளியில் சொருகும் வகையா, உள்ளே பதிக்கும் வகையா? ஆரம்பத்தில் வெளியில் சொருகும் வகையே போதும். டிரெய்லரை இணைக்காமலே பெடஸ்டலைச் சோதிக்கலாம், நாளை வேறு டிரெய்லருக்கும் கொண்டுபோகலாம். திருட்டுப் பயத்துக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் போடுங்கள். மாதக்கணக்கில் டிரெய்லரிலேயே வசிப்பவர்கள் பதித்துக்கொள்வது நல்லது.

இவற்றோடு வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர்; தொடாமலே கரண்ட் இருப்பதைக் காட்டும் பேனா வடிவ டெஸ்டர் (ஃப்ளூக், க்ளைன் இரண்டுமே நம்பகமானவை); டிரெய்லருக்குள் நிரந்தரமாகச் சொருகி வைக்க ஒரு சின்ன வோல்ட்மீட்டர்; சோதனைக்கு 1500 வாட் ஹீட்டர்.

பெடஸ்டலில் செய்ய வேண்டியவை

1. டிரெய்லரில் ஏசி, வாட்டர் ஹீட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணையுங்கள். உள்ளே இருக்கும் 30 ஆம்ப் மெயின் பிரேக்கரையும் இறக்குங்கள்.

2. பெடஸ்டல் பிரேக்கரை இறக்கிவிட்டுச் சாக்கெட்டைப் பாருங்கள். துளை ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ, சாக்கெட் ஆடினாலோ அங்கே சொருக வேண்டாம். அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள். வண்டியை நிலைப்படுத்தி, ஜாக்கி இறக்கிய பிறகு இடம் மாறுவது பெரும்பாடு. அதனால் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

3. இஎம்எஸ்ஸை மட்டும் சொருகி, பிரேக்கரை ஏற்றி, டிலே முடியும்வரை காத்திருங்கள். ப்ரோக்ரெசிவ் பெட்டியில் ‘இ0’ என்றால் எல்லாம் சரி. ‘இ1’ என்றால் ஃபேஸ்–நியூட்ரல் இடம் மாறியிருக்கிறது. ‘இ2’ என்றால் எர்த் இல்லை. ‘இ3’ வோல்டேஜ் அதிகம், ‘இ4’ குறைவு. ‘இ1’, ‘இ2’ இரண்டுக்கும் உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, பெடஸ்டலைத் திறந்து சரிசெய்ய முயலாதீர்கள்.

4. பிரேக்கரை மறுபடி இறக்குங்கள். கேபிளின் டிரெய்லர் முனையைச் சொருகித் திருகிப் பூட்டுங்கள். பிறகு மறுமுனையை இஎம்எஸ்ஸில் சொருகுங்கள். அதன் பிறகே பிரேக்கர்.

5. டிரெய்லருக்குள் ஏறும் முன், தரையில் நின்றபடி டெஸ்டர் பேனாவை டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கும் படிக்கட்டுக்கும் அருகே கொண்டுபோங்கள். கீச்சிட்டால் டிரெய்லர் உடம்பு முழுக்கக் கரண்ட் இருக்கிறது. எதையும் தொடாமல் போய் பெடஸ்டல் பிரேக்கரை இறக்குங்கள். ஈரப் புல்லில் வெறுங்காலோடு ஓடிவந்து கதவுக் கைப்பிடியைப் பிடிக்கும் குழந்தையைத்தான் இந்தக் கோளாறு முதலில் தாக்கும். இந்தப் படியைத் தயவுசெய்து விடாதீர்கள்.

6. மெயின் பிரேக்கரை ஏற்றுங்கள், சாதனங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

கிளம்பும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறந்து பித்தளைத் தகட்டில் குழி விழும். அடுத்தவருக்குச் சாக்கெட் தளர்வாகவும் கருகியும் கிடைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

லோடு போட்டுப் பார்ப்பது

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பெடஸ்டலில் மல்டிமீட்டரை வைக்கிறார்கள், 119 காட்டுகிறது, சந்தோஷமாக ஏசியைப் போடுகிறார்கள். லோடு இல்லாதபோது எந்த வயரும் நல்ல வோல்டேஜைத்தான் காட்டும். துருப்பிடித்த இணைப்பும், மெலிந்த ஃபீடரும் கரண்ட் ஓடும்போதுதான் தங்கள் குணத்தைக் காட்டும்.

எல்லாம் அணைந்த நிலையில் இஎம்எஸ் காட்டும் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். 119 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 1500 வாட் ஹீட்டரைப் போடுங்கள், அது 12.5 ஆம்ப் இழுக்கும். வோல்டேஜ் 116க்கு இறங்கினால் வீழ்ச்சி 3 வோல்ட். ஏசியும் சேர்ந்து 25 ஆம்ப் ஆகும்போது வீழ்ச்சி 6 வோல்ட் ஆகும், 113 மிஞ்சும். தாராளம். அதே ஹீட்டருக்கு 119 என்பது 112க்கு விழுந்தால்? 25 ஆம்பில் 14 வோல்ட் போய்விடும், 105தான் மிஞ்சும். நீங்கள் சோதிப்பது காலை பதினொரு மணி. மாலையில் லோடு இல்லாத வோல்டேஜே 113க்கு வந்துவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது 99. அந்தப் பெடஸ்டலில் ஏசியைத் தனியாகத்தான் ஓட்ட வேண்டும், மைக்ரோவேவோடு சேர்த்து ஓட்டக் கூடாது.

டிரெய்லர் சுவர்களில் இருக்கும் சாக்கெட்டுகள் வீட்டுச் சாக்கெட் அளவுக்கு உறுதியானவை அல்ல. வயரைத் தகட்டுப் பல்லுக்குள் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். ஆகவே ஹீட்டரைப் பத்து நிமிடச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதை இரவு முழுக்க ஓட விட்டுத் தூங்காதீர்கள்.

அடுத்து, ஹீட்டரும் ஏசியும் சேர்ந்து ஓடும்போது இஎம்எஸ் காட்டும் வோல்டேஜையும் டிரெய்லருக்குள் இருக்கும் வோல்ட்மீட்டரையும் ஒப்பிடுங்கள். 30 அடி நீளமுள்ள 10 கேஜ் கேபிளில் 25 ஆம்ப் ஓடினால் போக–வர ஒன்றரை வோல்ட் குறையும், அது இயல்பு. உள்சாக்கெட்டில் ஹீட்டர் ஓடுவதால், வோல்ட்மீட்டரை வேறு சர்க்யூட்டில் சொருகுங்கள்; இல்லாவிட்டால் அந்தச் சர்க்யூட்டின் வீழ்ச்சியும் சேர்ந்து தெரியும். வித்தியாசம் 4 வோல்ட் என்று வந்தால் இணைப்பு ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அங்கே விரயமாகும் கூடுதல் இரண்டரை வோல்ட்டை 25 ஆம்பால் பெருக்கினால் 60 வாட்டுக்கு மேல் வருகிறது. அத்தனை சூடும் ஒரே தகட்டுக்குள் இறங்குகிறது. பத்து நிமிடம் ஆனதும் ஒவ்வொரு பிளக்கின் ரப்பர் பகுதியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிடுங்கள். டிரெய்லர் பக்கம் திருகிப் பூட்டும் முனைதான் அடிக்கடி உருகுகிறது, அதை முதலில் பாருங்கள். தகடு மங்கியிருந்தால் நயமான உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். கருகிக் குழி விழுந்திருந்தால் மாற்றுவது ஒன்றே வழி. இந்தச் சூட்டை எல்லா இஎம்எஸ்ஸும் கண்டுபிடிக்கும் என்று நம்ப வேண்டாம்.

வோல்டேஜ் போதவில்லை என்றால்

கேஸில் ஓடக்கூடியதைக் கேஸுக்கு மாற்றுங்கள். வாட்டர் ஹீட்டரின் சூடாக்கும் காயில் 1400 வாட், தண்ணீரைக் கேஸில் சூடாக்கினாலே கிட்டத்தட்ட 12 ஆம்ப் மிச்சம். ஃப்ரிட்ஜிலும் கொஞ்சம் கிடைக்கும். பெடஸ்டலில் 50 ஆம்ப் சாக்கெட் இருந்தால், 50இலிருந்து 30க்கு மாற்றும் அடாப்டரைப் போட்டு அதில் சொருகலாம். அந்தச் சாக்கெட் பெரும்பாலும் தேய்மானம் குறைந்ததாக இருக்கும். அடாப்டர் முதலில், அதன் பிறகு இஎம்எஸ், அதன் பிறகு கேபிள் என்ற வரிசை மாறக் கூடாது.

ஏசியில் சாஃப்ட் ஸ்டார்ட் கருவி பொருத்தினால் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் வெகுவாகக் குறையும். செலவு செய்வதென்றால் ஆட்டோஃபார்மரைவிட இதைத்தான் முதலில் சொல்வேன். ஆட்டோஃபார்மர் வோல்டேஜை சுமார் 10 சதவீதம் உயர்த்தித் தரும், ஆனால் அதற்கு ஈடாகப் பெடஸ்டலிலிருந்து அதிக ஆம்ப் இழுக்கும். ஏற்கெனவே தளர்ந்த சாக்கெட்டில் அது சூட்டைக் கூட்டும்.

50 ஆம்ப் வண்டிக்காரர்களுக்கு

உங்கள் சாக்கெட்டில் இரண்டு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, இரண்டு ஃபேஸுக்கும் இடையே 240. மூன்று ஃபேஸ் சப்ளை உள்ள பார்க்கில் 240க்குப் பதில் 208 காட்டும், அது கோளாறு இல்லை. உங்களுக்கு எமன் நியூட்ரல் அறுந்துபோவது. அறுந்தால் ஒரு பக்கம் 160, மறுபக்கம் 80 என்று லோடுக்கு ஏற்பப் பிரியும். 160 கிடைத்த பக்கத்தில் இருக்கும் மைக்ரோவேவும் கன்வெர்ட்டரும் சில நொடிகளில் போய்விடும். 50 ஆம்ப் வண்டிக்கு இஎம்எஸ் இல்லாமல் போகவே கூடாது என்பேன்.

பின்சேர்க்கை: ஜெனரேட்டரில் ‘இ2’ வருகிறதே?

ஹோண்டா இயு2200ஐ போன்ற சிறு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்காது. அதனால் இஎம்எஸ் எர்த் இல்லை என்று சொல்லிக் கரண்டை விட மறுக்கும். ஜெனரேட்டரும் கெடவில்லை, இஎம்எஸ்ஸும் கெடவில்லை. நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளுக்குள் இணைத்த ஒரு 15 ஆம்ப் பிளக் கடையில் கிடைக்கும். அதை ஜெனரேட்டரின் காலியான இன்னொரு சாக்கெட்டில் சொருகினால் சரியாகிவிடும். ‘ஜெனரேட்டருக்கு மட்டும்’ என்று அதன்மேல் எழுதி ஒட்டி வையுங்கள். வீட்டிலோ பெடஸ்டலிலோ அதைச் சொருகக் கூடாது.

இன்னொரு பின்சேர்க்கை: வீட்டு முற்றத்தில் சொருகுவது

20 ஆம்ப் ஜிஎஃப்சிஐ சாக்கெட்டில் (கரண்ட் கசிந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் சாக்கெட்) அடாப்டர் போட்டுச் சொருகினால் உடனே ட்ரிப் ஆகிறது என்றால், முதலில் வாட்டர் ஹீட்டரின் சூடாக்கும் காயிலைச் சந்தேகப்படுங்கள். 5 மில்லி ஆம்ப் கசிவே அந்தச் சாக்கெட்டுக்குப் போதும். வாட்டர் ஹீட்டரின் பிரேக்கரை இறக்கிவிட்டுப் பாருங்கள்.

பழைய வீடுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. எர்த் வயரே இல்லாத சாக்கெட்டில் யாரோ நியூட்ரலை எர்த்தோடு இணைத்து, ஃபேஸையும் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். மூன்று விளக்கு டெஸ்டரும் இஎம்எஸ்ஸும் ‘எல்லாம் சரி’ என்றே காட்டும். டிரெய்லர் உடம்பிலோ 120 வோல்ட் ஓடும். மேலே ஐந்தாம் படியில் சொன்ன பேனா டெஸ்டர்தான் இதைக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் புதிதாக 30 ஆம்ப் சாக்கெட் போடுவதென்றால் எலக்ட்ரீஷியனிடம் ‘டிரெய்லருக்கு’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். மூன்று முள், 30 ஆம்ப் என்றதும் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு என்று எண்ணி 240 வோல்ட் கொடுத்துவிடுவது நிறைய நடக்கிறது. டிடி-30 சாக்கெட், 120 வோல்ட், ஒற்றை போல் 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் வயர் என்று எழுதியே கொடுங்கள். வேலை முடிந்ததும் அவர் கிளம்புவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். சாய்ந்த இரு துளைகளுக்கு நடுவே 120, எர்த்திலிருந்து ஒரு துளைக்கு 120, மற்றதற்குப் பூஜ்ஜியம் வர வேண்டும். எங்காவது 240 வந்தால் பணம் கொடுக்கும் முன் மாற்றச் சொல்லுங்கள்.