ஜல்லிக்கட்டை வைத்து அதிகாரப் பிரிவினையைப் படிப்பது எப்படி?

குரூப் 2 தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களிடம் அரசின் மூன்று அங்கங்கள் எவை என்று கேட்டால் பட்டென்று ஒப்பிப்பார்கள். அவசரச் சட்டம் யார் வேலை என்று கேட்டால்தான் முழிப்பார்கள். அதனால் என் வகுப்பில் ஜல்லிக்கட்டில் இருந்துதான் ஆரம்பிப்பது.

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: சட்டமன்றம், அமைச்சரவை, நீதிமன்றம். நடந்ததைத் தேதிவாரியாக எழுதி, எந்த அங்கம் செய்தது என்று பார்த்து அந்தப் பத்தியில் போடுங்கள்.

2014 மே 7, உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்திய தமிழ்நாட்டின் 2009 சட்டமும் அதோடு போயிற்று. மூன்றாம் பத்தி. 2016 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டு அனுமதித்தது, இரண்டாம் பத்தி. சில நாளில் அதற்கும் இடைக்காலத் தடை, மறுபடி மூன்று.

2017 ஜனவரி 21, அவசரச் சட்டம். இங்கே நில்லுங்கள். பாதிப் பேர் இதை முதல் பத்தியில் போடுவார்கள். போடக்கூடாது. சட்டமன்றம் கூடாத நேரத்தில், அமைச்சரவை சொல்லி, ஆளுநர் பிறப்பிப்பது இது (அரசியலமைப்பின் பிரிவு 213). சட்டமன்றம் கூடியபின் ஆறு வாரத்துக்குமேல் நிற்காது. அதனால்தான் ஜனவரி 23 அன்றே மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். அதுதான் முதல் பத்தி. மிருகவதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் வருகிறது; மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு மோதுவதால் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தேவைப்பட்டது. ஓரத்தில் டெல்லிக்கு ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

2023 மே 18, ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. 2014 தீர்ப்பைச் சட்டமன்றம் ரத்து செய்யவில்லை, அந்த அதிகாரம் அதற்குக் கிடையாது. தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டத்தைத் திருத்தியது, அவ்வளவுதான். தேர்வில் மாற்றி மாற்றிக் கேட்பது இதைத்தான்.

அப்புறம் பத்திகளுக்கு நடுவே உள்ள கோடுகள். முதல் இரண்டுக்கும் நடுவே புள்ளிக்கோடு போதும். முதல்வரும் அமைச்சர்களும் அவையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். உறுப்பினர் அல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். பெரும்பான்மை போனால் ஆட்சியும் போச்சு. 1999 ஏப்ரலில் மக்களவையில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது ஒரே ஓட்டில். மூன்றாம் பத்திக்கு முன்னால் மட்டும் அழுத்திக் கோடு போடுங்கள்: நீதிபதி பணியில் நடந்துகொண்ட விதம் பற்றிச் சட்டமன்றத்தில் விவாதிக்கவே முடியாது (பிரிவு 211).

சரி, அடுத்து நீங்களே செய்துபாருங்கள்: தமிழ்நாடு ஆளுநர் திருப்பி அனுப்பிய 10 மசோதாக்கள். 2023 நவம்பர் 18 சட்டமன்றச் சிறப்புக் கூட்டத்தில் தொடங்கி 2025 ஏப்ரல் 8 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை எழுதுங்கள். ஆளுநரை எந்தப் பத்தியில் வைப்பது என்று பக்கத்தில் இருப்பவரோடு சண்டை வரும், வரட்டும்.