கடைசிப் பேருந்து போன பிறகு: ஜப்பானிய நாட்டுப்புற விடுதிகளைத் தேடிச் செல்வோருக்கு

ஜப்பானில் கூட்டமில்லாத இடம் எது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் யாரும் அறியாத ஓர் ஊரின் பெயரையே எதிர்பார்க்கிறார்கள். அப்படியொரு பெயரை இன்று சொன்னால் இரண்டு ஆண்டுகளில் அங்கும் கூட்டம் சேர்ந்துவிடும். உண்மையில் கூட்டம் என்பது ஊரைக் காட்டிலும் நேரத்தைப் பொறுத்தது. கிஃபு மாகாணத்தின் ஷிராகவா-கோ கிராமத்தில் நண்பகலில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். மாலையில் சுற்றுலாப் பேருந்துகள் திரும்பிய பின் அதே தெருவில் வாய்க்கால் தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும். ஆகவே பார்க்க வேண்டிய இடங்களை முதலில் பட்டியலிட்டுவிட்டு, தங்குமிடத்தைக் கடைசியில் தேடும் வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும். இரவு தங்குவதற்கு ஏற்ற விடுதியுள்ள சிற்றூரை முதலில் தேர்ந்துகொண்டு, பயணத்தை அதைச் சுற்றி அமைக்க வேண்டும்.

அத்தகைய ஊரைக் கண்டுபிடிக்க எளிய வழி, புகழ்பெற்ற இடத்தின் பக்கத்து ஊரைப் பார்ப்பதுதான். 1995ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஷிராகவா-கோவுடன் சேர்ந்தே இடம்பெற்றவை தொயாமா மாகாணத்தின் கொகயாமா பகுதியிலுள்ள ஐனொகுரா, சுகனுமா என்னும் இரு சிற்றூர்கள். கூப்பிய கைகளைப் போன்ற அதே செங்குத்தான புல் வேய்ந்த கூரைகள்தாம் இங்கும். ஆனால் வருவோர் குறைவு. ஐனொகுராவில் இத்தகைய வீடுகள் சுமார் இருபது இருக்கின்றன. அவற்றில் சில இன்றும் குடும்பத்தார் நடத்தும் விடுதிகள். கூரைக்கு அடியிலுள்ள பரண்களில் பட்டுப்புழு வளர்த்தார்கள். தரைக்கு அடியில் வெடிமருந்துக்கான வெடியுப்பு தயாரித்து ககா சிற்றரசுக்கு அளித்தார்கள். தகஓகா நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஊரின் அடிவாரத்தில் இறங்கலாம். பகலில் பார்க்க வருபவர்கள் மாலை ஐந்து மணிக்குள் வெளியேறிவிட வேண்டுமென அவ்வூரார் கேட்டுக்கொள்வதால், அதற்குப் பிறகு அங்கே இருப்பவர்கள் ஊர்க்காரர்களும் அன்றிரவு தங்குபவர்களும் மட்டுமே. கூடத்தின் நடுவில் தரையைக் குழித்து அமைத்த அடுப்பில் கரி கனலும். மேலிருந்து தொங்கும் கொக்கியில் இரும்புக் கெண்டி மாட்டியிருக்கும். பல தலைமுறைப் புகையில் உத்தரங்கள் கறுத்து மினுமினுக்கும். பகலில் வந்து படமெடுத்துக்கொண்டு திரும்புவோர் காணாத பகுதி இதுதான்.

இன்னொரு வழி, ஜப்பானிய அரசு பாதுகாக்கும் பழைய தெருக்களின் பட்டியல். 1975இல் இதற்கான சட்டத்திருத்தம் வந்து, மறு ஆண்டு முதல் தொகுதியாகச் சில ஊர்கள் அறிவிக்கப்பட்டன. இன்று நாடு முழுவதும் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட பகுதிகள் இதில் உள்ளன. சாமுராய்க் குடியிருப்புகள், துறைமுகத் தெருக்கள், மலைக்கிராமங்கள், பண்டைய நெடுஞ்சாலைகளின் தங்கல் ஊர்கள் எனப் பலவகையும் இதில் அடக்கம். நெடுஞ்சாலைத் தங்கல் ஊரான சுமாகோ போன்றவை ஏற்கெனவே பெயர் பெற்றுவிட்டன என்பதால், அதிவேக ரயில் நிற்கும் இடத்திலிருந்து தொலைவில் இருப்பவற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. என் பரிந்துரை ஷிமானே மாகாணத்தின் யுனோட்சு. 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இவாமி வெள்ளிச் சுரங்கத்தின் துறைமுகமாக ஒருகாலத்தில் விளங்கிய இவ்வூர், இன்று ஒரே தெருவும் சில விடுதிகளும் பொது வெந்நீர்க் குளியல் கூடங்களும் கொண்ட அமைதியான இடம். வெந்நீரிலுள்ள தாதுக்கள் படிந்து படிந்து தொட்டியின் விளிம்பும் தரையும் பழுப்பு நிறத்தில் பாறைபோல் தடித்திருக்கும். நீரின் சூடு கடுமையானது. உள்ளூர் முதியவர்கள் சலனமின்றி அமர்ந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாமல் முதலில் காலை மட்டும் விட்டுப் பார்க்கவும்.

வெந்நீர் ஊற்றுகளே நோக்கமென்றால், 1975இல் தொடங்கிய ஒதுக்குப்புற ஊற்று விடுதிகளின் சங்கம் ஒன்று இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ‘ஹிதோ’ எனப்படும் இவ்விடுதிகள் பெரும்பாலும் மலைக்குள் சாலை முடியும் இடத்தில் இருப்பவை. வாசலில் சங்கத்தின் காகித விளக்கு தொங்கும்.

விடுதிகளின் வகைகளைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். ‘ரியோகான்’ என்பது உபசாரம் மிகுந்த மரபு விடுதி. படுக்கையை அவர்களே விரிப்பார்கள். ‘மின்ஷுகு’ குடும்பத்தார் தம் வீட்டிலேயே நடத்துவது. படுக்கையை நாமே விரித்து நாமே மடிக்க வேண்டியிருக்கும், குளியலறை பொதுவாக இருக்கும், வாடகை ரியோகானில் பாதிகூட ஆகாமல் இருப்பதுண்டு. நாட்டுப்புற வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்க விரும்புவோருக்கு மின்ஷுகுவே சிறந்தது என்பது என் கருத்து. இரண்டிலும் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு என்பதை மறக்கக் கூடாது. இரவு உணவும் காலை உணவும் சேர்ந்த தங்கலுக்கு ‘இப்பாகு நிஷோகு’ என்றும், உணவில்லாத தங்கலுக்கு ‘சுதொமாரி’ என்றும் பெயர். சிறிய மின்ஷுகுகளில் பலவற்றைப் பன்னாட்டு முன்பதிவுத் தளங்களில் காண முடியாது. ஜாலான், ராகுட்டென் போன்ற ஜப்பானியத் தளங்களிலோ, அவ்வூர்ச் சுற்றுலாச் சங்கத்தின் பக்கத்திலோதான் அவை கிடைக்கும். ‘கான்கோ கியோகாய்’ எனப்படும் இச்சங்கங்களுக்கு எளிய ஆங்கிலத்திலோ, மொழிபெயர்ப்புச் செயலியின் துணையுடன் ஜப்பானிய மொழியிலோ மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால், விடுதிக்கு அவர்களே பேசிப் பதில் சொல்வதும் உண்டு.

சைவ உணவு உண்பவர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும்கூட ‘தாஷி’ எனப்படும் அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவல்களிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். ஆகவே ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. இறைச்சி, மீன், மீன் சாறு, முட்டை என எவையெல்லாம் ஆகாதோ அவற்றை ஒவ்வொன்றாக எழுதி, முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். விருந்தினரின் தலைக்கணக்குப் பார்த்தே பொருள் வாங்குவதால், வாசலில் வந்து நின்று சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் பட்டினி. முடியாது என்று பதில் வந்தால் சுதொமாரியாகத் தங்கி, சாப்பாட்டை நகரத்திலேயே வாங்கிச் செல்லலாம். மலைக்கிராமங்களில் இருட்டிய பிறகு கடை திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். இந்தக் கவலையே வேண்டாமென்பவர்களுக்கு வகயாமா மாகாணத்தின் கோயாசான் மலை இருக்கிறது. அங்குள்ள 117 கோயில்களில் ஏறத்தாழ ஐம்பது, பயணிகளுக்கு இடம் தருகின்றன. அவற்றில் பரிமாறப்படும் ‘ஷோஜின்’ உணவில் ஊனும் மீனும் இல்லை. மரபுப்படி பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுக்கப்படுகிறது. பகலில் அங்கும் கூட்டம்தான். ஆனால் அதிகாலை வழிபாட்டில் தங்கியிருப்பவர்கள் மட்டுமே அமர்ந்திருப்பார்கள். அங்கே ஒகுனோயின் என்னும் இடுகாட்டின் கற்களில், இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சென்ற ‘சித்தம்’ என்னும் பழைய வரிவடிவ எழுத்துகளையும் காணலாம்.

போக்குவரத்துக்கு வருவோம். நாடு தழுவிய ரயில் பாஸின் ஏழு நாள் கட்டணம் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. ஓரிரு வட்டாரங்களில் நிதானமாகச் சுற்றுவோருக்கு இது கட்டுப்படியாகாது. வட்டாரப் பாஸோ தனிப் பயணச்சீட்டோ போதும். ஒற்றைப் பெட்டி ரயில்களிலும் கிராமப் பேருந்துகளிலும் ஏறும்போதே எண் அச்சிட்ட சிறு சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்புறப் பலகையில் அந்த எண்ணுக்கு நேரே தெரியும் தொகையை இறங்கும்போது பெட்டியில் போட வேண்டும். கால அட்டவணையில் வேலைநாளுக்கு ஒரு பத்தியும் சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளுக்கு வேறொரு பத்தியும் இருக்கும். அன்று அரசு விடுமுறை என்பதை அறியாமல் வேலைநாள் பத்தியைப் பார்த்துக்கொண்டு மலையடிவார நிறுத்தமொன்றில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்குண்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையும், ஆகஸ்ட் நடுவிலும், புத்தாண்டையொட்டியும் உள்ளூர் மக்களே பயணம் செய்வதால் அந்நாள்களைத் தவிர்க்கவும். பெரிய பெட்டியைக் கூரியரில் அடுத்த நகர விடுதிக்கு அனுப்பிவிட்டு, ஒரு பையுடன் மலையேறுவதே வசதி. காரோட்ட விரும்புவோருக்கு நம்மூரைப் போலவே இடப்பக்கச் சாலைதான். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும்.

இரவு உணவு ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடுவதால் மாலை ஐந்து மணிக்குள் விடுதியை அடைந்துவிடுங்கள். தாமதமானால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். செருப்பை வாசலில் விட வேண்டும். உள்ளே தரும் செருப்பையும் பாய் விரித்த அறையின் வெளியே கழற்ற வேண்டும். கழிப்பறைக்கென வேறு செருப்பு உண்டு, அதை மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுத் தொட்டியில் இறங்குமுன் வெளியே முக்காலியில் அமர்ந்து சோப்புப் போட்டு முழுதும் குளித்துவிட வேண்டும். துண்டு நீரில் படக் கூடாது. விடுதியில் தரும் ‘யுகாதா’ என்னும் அங்கியின் இடப்புறம் மேலே வரும்படி கட்டுங்கள். வலப்புறம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

கட்டணத்துக்கு ரொக்கம் வைத்திருங்கள். அன்பளிப்புக் காசு கொடுக்கும் வழக்கம் அங்கில்லை. காலையில் புறப்படும்போது வீட்டார் வாசலுக்கு வந்து கையசைத்து வழியனுப்புவார்கள். தெரு வளையும் இடத்தில் ஒருமுறை திரும்பித் தலைவணங்கிவிட்டுச் செல்லுங்கள். நீங்கள் கண்மறையும்வரை அவர்கள் உள்ளே போகமாட்டார்கள்.