ஸ்டார்ம் என்றாலே புயலா?

செய்தி மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் எழுத்துப்பிழை விடுவார்கள், ஊர்ப்பெயரைக் குழப்புவார்கள். அதெல்லாம் நாலு நாளில் சரியாகிவிடும். ஸ்டார்ம் என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டாலே புயல் என்று எழுதுவது மட்டும் சரியாவதே இல்லை.

தண்டர்ஸ்டார்ம்

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். வானிலை அறிவிப்பில் தண்டர்ஸ்டார்ம் என்று இருந்தால், தமிழில் இடி மின்னலுடன் கூடிய மழை. சூடேறிய காற்று மேலெழும்பி, உயரமான மேகமாகத் திரண்டு, ஒரு மணி நேரம் போலக் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். புயல் வேறு. கடலில் தாழ்வு மண்டலமாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்ட பிறகுதான் இந்திய வானிலை ஆய்வு மையம் அதைப் புயல் என்கிறது, பெயரும் அப்போதுதான் வைக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனதைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்குப் புயல் என்ற சொல்லே போதும், தூக்கம் போய்விடும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு அக்டோபர் மாலை 'நாகையில் இடியுடன் கூடிய புயல்' என்று செய்தி போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, புயல்னு போட்டிருக்கீங்களே, எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயிருக்காரு, எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கு?" துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டே ஏற்றவில்லை. அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர் அழத் தொடங்கிவிட்டார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. புயல் என்று படித்தவர், அது வர நாளாகும் என்று வயலிலேயே நிற்பார். மின்னல் அரை மணியில் தலைக்கு மேல் வந்துவிடும். இடிச்சத்தம் கேட்டதும் கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள் என்பதுதான் அந்த அறிவிப்பில் முக்கியம். அதை விட்டுவிட்டுப் புயல் என்று தலைப்பு வைப்பது அநியாயம்.

ஹெயில்ஸ்டார்ம்

ஆலங்கட்டி மழை.

டஸ்ட் ஸ்டார்ம், ஸ்னோ ஸ்டார்ம்

புழுதிப் புயல், பனிப்புயல். இங்கே புயல் இருக்கட்டும்.

ஸ்டார்ம் சர்ஜ்

'புயல் எழுச்சி' என்றால் கரையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. கடல்நீர் ஊருக்குள் புகும் என்று எழுதுங்கள், எத்தனை மீட்டர் உயரம் என்பதையும் விடாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது அந்த நீர்தான்.

வானிலையே இல்லாத இடத்தில்

1789-ல் பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறையை ஸ்டார்ம் செய்தார்கள் என்றால், தாக்கி உள்ளே புகுந்தார்கள். அப்புறம், கூட்டத்திலிருந்து ஒருவர் ஸ்டார்ம் அவுட் ஆனார் என்று வந்தால், 'புயலாக வெளியேறினார்' வேண்டவே வேண்டாம். விருட்டென்று எழுந்து போனார்.