மீன் லொறிக்கு ஓர் எண்ணக்கரு மாதிரி: மென்பொருளைத் திறக்குமுன்

திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் இறங்கும் சூரை, பேலியகொடை மொத்தச் சந்தைக்குப் போய்ச்சேரும் வழங்கல் சங்கிலியைச் சிமுலேஷன் செய்யவேண்டும் (கணினியில் போலியாக ஓட்டிப் பார்க்கவேண்டும்) என்று வைத்துக்கொள்வோம். அதற்குமுன் எதைச் சேர்ப்பது, எது எதைத் தொடரும் என்று தாளில் எழுதிப் படமாக வரைவதே எண்ணக்கரு மாதிரி. முதலில் தாளில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்: விடியுமுன் சந்தை சேர எத்தனை லொறி வேண்டும்? அதன் கீழே, மாற்றிப் பார்க்கப்போவது (லொறி எண்ணிக்கை, ஐஸ் இருப்பு, புறப்படும் நேரம்), அளக்கப்போவது (பிந்திய பெட்டிகள், கரையில் காத்திருந்த நேரம்).

எதைச் சேர்ப்பது? எடுத்துவிட்டால் விடை மாறுமா என்று பாருங்கள். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என ஊரூராக வரையத் தேவையில்லை. ஏறக்குறைய 260 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு ஒரு பயணநேரப் பரம்பல் (எவ்வளவு நேரம் எத்தனை தடவை எடுக்கும் என்ற கணக்கு) போதும். ஐஸை மட்டும் விடாதீர்கள். மீன், ஐஸ், லொறி மூன்றும் தனித்தனி வரிசைகள். மூன்றும் கூடினால்தான் ஏற்றம் தொடங்கும்.

அதிகம் பிழைப்பது லொறியில்தான். பேலியகொடையில் மீன் இறங்கியதுமே லொறி அடுத்த ஏற்றத்துக்குத் தயார் என்று மாதிரியில் எழுதிவிடுவார்கள். கணினியில் அது மறுநொடியே கொட்பேயில் நிற்கும்! போக 7 மணி, இறக்க 2, சாரதி ஓய்வு 3, திரும்ப 7 என்று வைத்தால், ஒரு லொறி 19 மணித்தியாலம் பிடிபட்டிருக்கிறது. 9 மணித்தியாலம் என்று கணக்கிட்டவருக்குத் தேவையில் பாதி லொறியே போதும்போலத் தெரியும். புறப்படும் விதியையும் எழுதுங்கள்: நிரம்பினால் கிளம்புமா, நேரமானால் கிளம்புமா?

படகு வரவுகளின் இடைவெளிக்கு, சிமுலேஷனில் வழக்கமாகப் போடும் அடுக்குக்குறிப் பரம்பலைக் (exponential distribution) கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். அது படகுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருவதாகக் கொள்கிறது. கடல் தணிந்ததும் படகுகள் கூட்டமாகத்தான் கரை சேரும். வாடைக்காற்று மாதங்களையும் மற்றக் காலத்தையும் ஒரே சராசரியில் கலந்தால் இரண்டுக்குமே பொருந்தாத மாதிரி கிடைக்கும்.

தெரியாததால் வைத்த ஊகம் ஒரு பத்தி, தெரிந்தே செய்த எளிமையாக்கம் இன்னொரு பத்தி, கலக்கக்கூடாது. முன்னதற்குத் தரவு தேடவேண்டும், பின்னதற்குக் காரணம் சொல்லவேண்டும்.

கைக்கணக்கும் ஒன்று: நாட்கணக்கான சராசரியில் மணிக்கு 40 பெட்டி வந்து, ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம் காத்திருந்தால், லிட்டிலின் விதிப்படி (வரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் சராசரி இருப்பு) கரையில் 120 பெட்டி இருக்கும். அதே வரவுக்கும் காத்திருப்புக்கும் ஓட்டிப் பார்க்கும்போது சராசரி 300 காட்டினால் மாதிரியிலோ கணக்கெடுப்பிலோ கோளாறு.

கடைசியாகப் படத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், ஒரு பெட்டியை விரலால் பின்தொடருங்கள். “ஐஸ் வரேல்லையெண்டா என்ன செய்வீங்கள், அண்ணை?” என்று சாரதியிடம் கேளுங்கள். “பக்கத்து லொறியில கைமாத்தா வாங்குவம்” என்பார். அந்த அம்புக்குறி படத்தில் இருக்காது. அதை வரைந்த பிறகு கணினிக்குப் போகலாம்.