1986 மாஸ்டர்ஸ் கடைசி நாளை இன்று உட்கார்ந்து பார்ப்பது எப்படி

1986 மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஜாக் நிக்லாஸ் ஜெயித்தார் என்பதுதான் தெரியுமே, இனி பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஹைலைட்ஸ் மட்டும் பார்த்தவர்கள். அதில் பந்து குழிக்குள் விழுந்துகொண்டே இருக்கும், காத்திருப்பே இருக்காது. காத்திருப்பை எடுத்துவிட்டால் கோல்ஃபில் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். அதனால் முழு ஒளிபரப்பையே போடுங்கள். மாஸ்டர்ஸ் போட்டியின் சொந்த யூடியூப் சேனலில் அந்த வருடத்துக் கடைசிச் சுற்று இலவசமாகவே இருக்கிறது. மதியம் முழுக்க ஒதுக்கி வையுங்கள், இயர்போனும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு தாளும் பேனாவும் கட்டாயம் வேண்டும். அந்தக் காலத்து ஒளிபரப்பில் திரையோரம் ஸ்கோர் நின்றுகொண்டே இருக்காது, யார் முன்னால் இருக்கிறார் என்பதே கொஞ்ச நேரத்தில் குழம்பிவிடும். நான்கு பெயர் போதும்: நிக்லாஸ், கிரெக் நார்மன், சேவே பாலஸ்டரோஸ், டாம் கைட். ஏப்ரல் 13 ஞாயிறு ஆட்டம் தொடங்கும்போது நார்மன் பாருக்கு 6 கீழே, நிக்லாஸ் 2 கீழே. கோல்ஃப் புதிது என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும்: ஒரு ஹோலை, அதாவது ஒரு குழியை, இத்தனை தடவை அடித்து முடிக்க வேண்டும் என்ற கணக்குதான் பார், ஒன்று குறைந்தால் பர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி.

நிக்லாஸுக்கு அப்போது 46 வயது, பெரிய பட்டம் வென்று ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் காலம் முடிந்துவிட்டது என்று அட்லாண்டா பத்திரிகை ஒன்று எழுதியதை வெட்டி, அவர் தங்கியிருந்த வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தார்கள். பையைச் சுமந்து கூட நடப்பவர் அவருடைய மூத்த மகன் ஜாக்கி. இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், அப்பாவும் பிள்ளையும் குனிந்து பட்டின் (பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டிவிடும் அடி) வளைவை அளக்கும் ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

இப்போது இயர்போன். மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டா மைதானத்தில் ஆடுபவருக்குச் செய்தி சத்தமாகத்தான் வரும். நிக்லாஸ் 9-வது க்ரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பட் அடிக்க நிற்கும்போது பக்கத்து 8-வதிலிருந்து அடுத்தடுத்து இரண்டு ஆரவாரம், கைட்டும் பாலஸ்டரோஸும் தூரத்திலிருந்து அடித்தே குழிக்குள் போட்டு ஈகிள் எடுத்திருந்தார்கள். நிக்லாஸ் விலகி நின்று, திரும்பி வந்து, பர்டி போட்டார். அங்கிருந்து தாளில் குறியுங்கள்: 10, 11 பர்டி, 12-ல் போகி, 13-ல் மறுபடி பர்டி. 15-ல் 4-அயர்ன் என்ற மட்டையால் தண்ணீரைத் தாண்டி அடித்து ஈகிள். 16-ல் அடித்த கையோடு பந்தைத் தாங்கும் சின்ன ஆணியான டீயை எடுக்கக் குனிந்துவிடுவார், பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கவே மாட்டார், அதுவோ குழிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

அப்புறம் வருவதுதான் எனக்கு அந்த நாளின் உச்சம். முன்னணியில் இருந்த பாலஸ்டரோஸ் 15-ல் 4-அயர்னால் நேராகக் குளத்துக்குள் அடிக்கிறார். கூட்டத்திலிருந்து எழும் சத்தத்தில் ஐயோ பாதி, மகிழ்ச்சி பாதி. இந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

17-ல் வர்ணனையாளர் வெர்ன் லண்ட்குவிஸ்ட் "யெஸ் சார்!" என்பார், நிக்லாஸின் பட் அடிக்கும் மட்டை மேலே உயரும், தாளில் 9 கீழே என்று எழுதுவீர்கள். 18-ல் அப்பாவும் மகனும் கட்டிப்பிடித்ததோடு நிறுத்திவிடாதீர்கள், பலரும் செய்யும் தவறு அதுதான். அவரை எட்டிப் பிடிக்கக்கூடிய இரண்டு பேர் இன்னும் மைதானத்தில் இருக்கிறார்கள். கைட்டின் பர்டி பட் குழியை ஒட்டிப் போய்விடும். நார்மன் 14 முதல் 17 வரை வரிசையாக நான்கு பர்டி போட்டுச் சமனுக்கு வந்திருப்பார், கடைசி ஹோலில் பார் எடுத்தாலே பிளே-ஆஃப் (சமனை உடைக்கும் கூடுதல் ஆட்டம்), ஆனால் 4-அயர்ன் அடி வலப்பக்கம் கூட்டத்துக்குள் பாய்ந்துவிடும். அந்தக் கடைசிப் போகியையும் எழுதிவிட்டுப் பேனாவை வையுங்கள்.