மதுரையிலிருந்து மெயிலில் படம் அனுப்பும்போது

போன தடவை ஊருக்கு வந்தபோது மேலூரில் அப்பத்தா வீட்டுப் பரணில் தாத்தாவின் படம் ஒன்று கிடைத்தது. அட்டையில் ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். பின்பக்கம் பென்சிலில் தாத்தாவின் கையெழுத்து: கூட நிற்பவர்களின் பெயர்கள், இடமிருந்து வலமாக. திண்ணை வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் செல்போனில் எடுத்து டொரண்டோவில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். சீக்கிரம் போகட்டும் என்று இருப்பதிலேயே சின்ன அளவைத் தொட்டுவிட்டேன். முகங்கள் தெரிந்தன. பென்சில் எழுத்து கரைந்துபோய்விட்டது. அக்காவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயர்கள்தான்.

அதனால், சுருக்குவதற்கு முன் வாங்குகிறவர் அதை என்ன செய்யப் போகிறார் என்று பாருங்கள். நாயக்கர் மகால் தூண், தெப்பக்குளம், யானைமலை எல்லாம் திரையில் பார்ப்பதற்குத்தான். நீளப் பக்கம் 1600 பிக்சல், அதாவது படத்தின் புள்ளிகள், இருந்தால் தாராளம். பெரும்பாலும் 1 எம்பிக்குள் அடங்கிவிடும். 4-க்கு 6 அங்குலத்தில் பிரின்ட் போடுவார்கள் என்றால் 1800-க்கு 1200 வையுங்கள். கையெழுத்து, பத்திரம், பழைய கல்யாணப் பத்திரிகை என்றால் சுருக்கவே வேண்டாம்.

12 மெகாபிக்சல் செல்போன் படம் ஏறத்தாழ 4000-க்கு 3000 பிக்சல், 3 முதல் 5 எம்பி வரை வரும். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்பிதான் வரம்பு. அப்படியானால் ஐந்து பெரிய படம் போகுமே என்று தோன்றும், போகாது. இணைப்புகளை எழுத்துகளாக மாற்றித்தான் மெயில் கொண்டுபோகிறது. அதில் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 18 எம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு அளவுப் படம் என்றால் மெயிலுக்கு மூன்று போதும்.

ஐபோனின் மெயில் செயலியில் படத்தை இணைத்தால் சிறியது, நடுத்தரம், பெரியது, அசல் என்று அதுவே அளவு கேட்கும். விண்டோஸ் கணினியில் பெயின்ட்டைத் திறந்து ரீசைஸை அழுத்தி, பிக்சலில் நீளப் பக்கத்தை மட்டும் மாற்றுங்கள். நீள அகல விகிதத்துக்கான டிக் விழுந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபுரம் குட்டையாகிப் பருத்துவிடும். மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, ஆகவே கோபுரத்தைச் சித்திரை வீதியில் நின்றுதான் எடுத்திருப்பீர்கள், அதுவும் செல்போனை நிமிர்த்திப் பிடித்து. அந்தப் படத்துக்கு உயரம்தான் நீளப் பக்கம்.

அப்புறம், சுருக்கியதை வேறு பெயரில் சேமியுங்கள். அசல் மேலேயே சேமித்துவிட்டால் போன பிக்சல்கள் திரும்பி வராது. தாத்தா படத்தை இன்னொரு தடவை எடுக்கப் பரண் ஏற வேண்டும், அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்பார்கள். படமாக அனுப்பினால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கும்; டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். ஐபோன் சேமிக்கும் ஹெச்இஐசி (HEIC) வகைப் படங்களை ஸ்டூடியோவிலோ ஜெராக்ஸ் கடையிலோ உள்ள பழைய கணினி திறக்காமல் போகலாம். அங்கே பிரின்ட் போடுவதாக இருந்தால் எல்லாக் கணினியும் திறக்கும் ஜேபெக் (JPEG) வகையாக மாற்றிக்கொண்டு போங்கள்.

தாத்தா படத்தின் பின்பக்கத்தை மறுநாள் முழு அளவில் திரும்ப அனுப்பினேன். அக்கா பெரிதாக்கிப் படித்துவிட்டு உடனே கூப்பிட்டாள். ஓரத்தில் டவுசரோடு நிற்கும் பையன் எங்கள் பெரியப்பா.