வானும் வள்ளமும்: திருகோணமலையில் இரண்டு பேருக்கு ஒரு கோடைப் பயணம்

மோட்டார்ஹோம் என்றதும் குளியலறை, குசினி எல்லாம் வைத்த நீளமான வெளிநாட்டு வண்டிதான் கண்ணுக்குள் வரும். திருகோணமலைக்கு அது வேண்டாம். கிடைத்தாலும் நிலாவெளி ஒழுங்கைக்குள் திருப்ப முடியாது. படுத்து எழும்பக்கூடிய ஒரு வான், காலையில் சில மணிநேரத்துக்கு ஒரு வள்ளம், அவசரப்படாத இரண்டு பேர் இருந்தால் கோடையில் நாலைந்து நாளை நன்றாகவே கழிக்கலாம். நானும் இவரும் ஓய்வூதியம் எடுத்த பிறகு பழகிக்கொண்ட முறை இது. முதல்தடவை கிளம்புகிறவர்களுக்காக வரிசைப்படி எழுதுகிறேன்.

படி 1: காற்றைப் பார்த்து நாளைப் பிரியுங்கள்

மே தொடங்கி செப்டெம்பர் நடுப்பகுதி வரைதான் நம் கரைக்குக் காலம். கொழும்பும் காலியும் மழையில் நனையும் மாதங்களில் இங்கே கடல் அடங்கிக் கிடக்கும். ஆண்டுக் கடைசியில் வாடைக் காற்று தொடங்கிவிட்டால் நிலாவெளியில் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், இறங்க முடியாது.

கோடை என்றால் கச்சான் காற்றும் உண்டு. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வரும் காற்று அது. நம் பக்கம் வந்து சேரும்போது காய்ந்து, சூடேறி இருக்கும். வெளியே காயப்போட்ட சாரம் அரை மணிநேரத்தில் அப்பளம்போல் விறைத்துவிடும். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு வானுக்குள் இருக்க முடியாது. ஆகவே விடியலில் தண்ணீர், மத்தியானம் மரநிழல், நாலு மணிக்குப் பிறகு தெரு என்று நாளை வெட்டிக்கொள்ளுங்கள். எங்கே போவது என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். பயணத் திட்டத்தை வரைபடத்திலிருந்து தொடங்குகிறவர்கள் நண்பகல் வெயிலில் தெருவில் நின்று ஒருவரோடொருவர் சண்டை பிடிப்பார்கள்.

கச்சானில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரம் அலையே தெரியாது, குளம் மாதிரி இருக்கும். அதை நம்பி ரப்பர் வளையத்திலோ காற்றடைத்த மெத்தையிலோ மிதந்தால் ஆளை அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். அந்தச் சாமான்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஓகஸ்ட் பள்ளி விடுமுறையையும் போயா தினத்தோடு சேர்ந்து வரும் நீண்ட வாரக்கடைசிகளையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அந்த நாட்களில் நிலாவெளி நிலாவெளியாக இருக்காது.

படி 2: வானைப் படுக்கையாக்குங்கள்

பின் இருக்கைகள் மடியும் வானாகப் பாருங்கள். ஹயேஸ், கரவன் வகை போதும். சொந்த வானாக இருந்தாலும் இருக்கைகளைக் கழற்றி எறிய வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் இருக்கைக் கணக்கு எழுதியிருக்கிறது, வீதிச் சோதனையில் கதை நீளும். மடித்த இருக்கைகளுக்கு மேல் தடித்த பிளைவுட் பலகை இரண்டு துண்டு, அதன்மேல் 4 அங்குல ஃபோம் மெத்தை. வாடகைக்கு எடுக்கும்போது வான்காரர் சிரித்தாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் ஏறிப் படுத்துப் பாருங்கள். கால் முட்டினால் வேறு வான்.

நுளம்புக்கு ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும். நுளம்பு வலைத் துணியைக் கதவுக் கண்ணாடியைவிட ஒரு சாண் பெரிதாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, அந்த மடிப்புக்குள் சின்னக் காந்தங்களைப் போட்டுவிடுங்கள். வானின் தகட்டில் வலை தானாக ஒட்டிக்கொள்ளும், காலையில் உரித்து மடித்து வைக்கலாம். பசை நாடா வெயிலில் உருகிக் கையெல்லாம் பிசுபிசுக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இரவில் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. அதற்குத் தனியாக ஒரு பற்றரி வேண்டும். வண்டி ஸ்டார்ட் பண்ணும் பற்றரியில் விசிறியைப் போட்டால் விடிய நீங்கள்தான் வானைத் தள்ளுவீர்கள். கணக்கு எளிது: 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பற்றரியில் 1200 வாட்-மணி இருக்கிறது. சாதாரண ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆகவே கையில் இருப்பது 600. 15 வாட் விசிறி பத்து மணிநேரம் ஓடினால் 150. இரண்டு பேருக்கு இரண்டு விசிறி, ஒரு சின்ன லைட், கைபேசி சார்ஜ் என்று பார்த்தாலும் ஓர் இரவு தாராளமாகத் தாண்டும். மறுநாள் எங்காவது விடுதியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கும் யோசனை மட்டும் வேண்டாம். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அடுப்புக்கு 2.3 கிலோ குட்டி சிலிண்டர் போதும். நிமிர்த்தி, ஆடாமல் கட்டி வையுங்கள். சமையல் எப்போதும் வானுக்கு வெளியே, காற்று மறைவில்.

வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை: அங்குள்ள உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. அதற்கான அங்கீகாரத்தைக் கொழும்பிலேயே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

படி 3: சாமான்

தண்ணீருக்கு முதலிடம். குடிக்க மட்டும் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 4 லீற்றர் என்று கணக்குப் போடுங்கள். கரையோரக் கிணறுகள் பல கோடையில் உவராகிவிடும், நம்பி இறங்காதீர்கள். மற்றபடி ரோச், பாய், இரண்டு சாரம், தேங்காய்த் துருவி, ஒரு சட்டி, பழைய செருப்பு, தென்னோலை வெட்ட ஒரு கத்தி. தென்னோலை எதற்கென்று அடுத்த படியில் தெரியும்.

படி 4: இரவில் எங்கே நிறுத்துவது

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சின்ன விடுதிகள் நிறைய. அறை வேண்டாம், வளவுக்குள் வானை நிறுத்திவிட்டுக் கழிவறையையும் குளியலறையையும் பாவிக்க எவ்வளவு என்று கேளுங்கள். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அப்புறம் சம்மதிப்பார்கள். இரவுச் சாப்பாட்டை அங்கேயே சொன்னால் இன்னும் சுலபம். ஆளில்லாத தெருவோரத்தில் நிறுத்த வேண்டாம். எங்கே நின்றாலும் அடையாள அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

கடற்கரை மணலுக்குள் வானை இறக்கவே கூடாது. கரைவலை இழுக்கிற இடம், வாடி போட்ட இடம் எல்லாம் மீனவர்களின் வேலைத்தளம். அதையும் மீறிச் சக்கரம் புதைந்துவிட்டால் அக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்கக் கிண்டும். டயர் காற்றைப் பாதிக்குக் கொஞ்சம் மேல் வரை இறக்குங்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வழியுங்கள், தென்னோலையைக் குறுக்காகத் திணித்து இரண்டாம் கியரில் மெதுவாக எடுங்கள். தார்த்தெருவுக்கு வந்ததும் பக்கத்துக் கடையில் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

நகரத்துக்குள் நிறுத்தினால் மான்கள் வரும். பிரட்ரிக் கோட்டைக்குள் மட்டுமல்ல, தெருவிலும் புள்ளிமான்கள் ஆட்டுமந்தை மாதிரித் திரிகின்றன. மரக்கறித் தோலைப் பிளாஸ்டிக் பையோடு வெளியே வைத்துவிட்டுத் தூங்கினால் பையையும் சேர்த்துத் தின்னும். குப்பை வானுக்குள் இருக்கட்டும்.

படி 5: புறாத்தீவில் வள்ளம் பழகுங்கள்

புதியவர்கள் ஆற்றுக்கு முன் கடலில் ஒரு சின்ன ஓட்டம் போய்வருவது நல்லது. நிலாவெளியிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். நுழைவுச் சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, வள்ளக் கூலி வள்ளத்துக்கு. இரண்டும் வேறு வேறு. வாசல் திறக்கும் நேரத்துக்கே போய் நில்லுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீருக்குள் மீனைவிட ஆட்கள்தான் அதிகம்.

முருகைக்கல்லில் காலை ஊன்றாதீர்கள். காலும் கிழியும், அதுவும் சாகும். கருந்துடுப்புச் சுறா ஒன்று அருகால் போனால் பதற வேண்டாம், அது உங்களைவிட வெட்கப்பட்ட பிராணி. தீவுக்குள் பிளாஸ்டிக் போத்தலை விட்டுவிட்டு வராதீர்கள்.

திமிங்கிலம் பார்க்கப் போகலாமா என்று கேட்பார்கள். ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாசல் வரை வருவதால் நீலத்திமிங்கிலம் நம் கடலுக்குள் வருவது உண்மை. ஆனால் அது மணிக்கணக்காக வெயிலில் விரட்டிப் பிடிக்கும் வேலை. இந்தப் பயணத்தோடு அது ஒட்டாது என்பது என் அபிப்பிராயம். சாயந்தரம் கோணேசர் கோயிலுக்குப் போய், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்று கடலைப் பாருங்கள். வந்தால் வரும். வராவிட்டாலும், 1956இல் சுழியோடிகள் பழைய கோயிலின் தூண்களைக் கண்டது நீங்கள் நிற்கும் பாறைக்கு அடியில்தான்.

படி 6: கங்கைக்குள் இறங்குங்கள்

பயணத்தின் பெரிய பங்கு இதுதான். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. திருமலைக்காரருக்கு அது வெறும் கங்கை.

சாயந்தரம் கிண்ணியாப் பாலத்தால் தெற்கே வாருங்கள். 396 மீற்றர் நீளம், 2009இல் திறந்தார்கள். அதற்கு முன் மட்டக்களப்புத் தெரு முழுவதும் துறைக்குத் துறை பாதைக்காக (வண்டியையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை) காத்திருப்பதுதான், மூதூருக்கு லோஞ்சில் போவதே வழக்கம். பாலங்கள் வந்த பிறகு வானில் பறக்கலாம் என்று தோன்றும். பறக்காதீர்கள். ஒரு நாளில் 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதில்லை என்று முடிவெடுங்கள். கிண்ணியாவில் இறங்கி பிளேன்ரீயும் ஏதாவது ஒரு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போகலாம்.

மூதூர்ப் பக்கம் இரவு தங்கும் இடத்திலேயே வள்ளக்காரர் ஒருவரை விசாரியுங்கள். சுற்றுலாப் பலகை இருக்காது. மீன்பிடிக்கும் 18 அடி ஃபைபர் வள்ளம்தான். பேசும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: கூலி ஆளுக்கல்ல, வள்ளத்துக்கு, எண்ணெய்க் காசு அதற்குள் அடக்கம், நடுவில் எஞ்சினை நிறுத்திச் சும்மா இருக்கும் நேரமும் கணக்கில் உண்டு. இந்தக் கடைசி விஷயம் அவர்களுக்குப் புதிது. நாங்கள் வழக்கமாகப் போகும் வள்ளக்கார நானாவிடம் முதலில் சொன்னபோது, "சும்மா இருக்கவா ரீச்சர் காசு தாறீங்க?" என்று கேட்டார். இப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு அவரே ஒரு குட்டித் தூக்கம் போடுகிறார்.

லைஃப் ஜாக்கெட் இல்லையென்றால் ஏறாதீர்கள். "இடுப்பளவு தண்ணி, பயமில்லை" என்பார்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இறந்தது நடுக்கடலில் அல்ல. ஜாக்கெட்டைக் கையில் வைத்திருப்பதிலும் பயனில்லை, ஏறும்போதே போட்டு வாரைக் கட்டுங்கள்.

விடியற்காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இருக்க வேண்டும். சிறுபோகத்துக்கு மேலே தண்ணீரைத் திருப்பிவிடுவதால் கோடையில் ஆறு மெலிந்திருக்கும். முகத்துவாரத்துக்குக் கிட்ட மணல்திட்டு தட்டுப்படும். அப்போது வள்ளக்காரர் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பு ஊன்றித் தள்ளுவார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழும்பாமல் நடுவில் இருப்பது. இரண்டு பேரும் ஒரே பக்கம் பறவை பார்க்கச் சாய்ந்தால் வள்ளமும் சாயும். ஒருவர் முன்னுக்கு, ஒருவர் நடுவில் இருந்தால் நிறை சரியாக வரும். சண்டையும் குறையும்.

கண்ணாக்காட்டு (சதுப்புநிலக் காடு) ஓரத்தில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இருப்பதாகத் தெரியாது. பிறகு வேர்களுக்கிடையில் நண்டு ஒன்று ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி இறக்குவது தெரியும், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பிறகு சேறு முழுவதும். மீன்கொத்தி ஒரே கம்பிலிருந்து விழுந்து விழுந்து எழும்பும். கையைத் தண்ணீரில் அளையவிடாதீர்கள், முதலை உள்ள ஆறு. குளிப்பதும் வேண்டாம், குளியலுக்கு வேறு இடம் சொல்கிறேன்.

பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள். வழியில் வலை எடுக்கிறவர்களிடம் இறாலோ சூடையோ வாங்கலாம். அன்று மத்தியானம் சோறும் ஒரு சொதியும் போதும். ஒருவர் மீன் வெட்டும்போது மற்றவர் ஆலோசனை சொல்லக்கூடாது; வான் ஓட்டும்போதும் இதே சட்டம். இந்தக் கரையில்தான் 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டுப் பத்தொன்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் கிடந்தார். மூதூரில் யாரைக் கேட்டாலும் கதை சொல்வார்கள். மரநிழலில் சாய்ந்துகொண்டு கேட்க நல்ல கதை.

ஒரு கண்டிப்பு: உட்துறைமுகப் பக்கம் வள்ளத்தில் போனால் கடற்படைத் தளத்தை நோக்கி கமராவைத் தூக்காதீர்கள். கிட்டப் போகச் சொல்லி வள்ளக்காரரை வற்புறுத்தவும் வேண்டாம். உங்களுக்கு ஒரு படம், அவருக்குப் பிழைப்பு.

படி 7: திரும்புவது

நகரத்துக்கு வந்து, அநுராதபுரத் தெருவில் எட்டு கிலோமீற்றர் போனால் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. காலை ஆறரைக்குப் போய் வாளியால் அள்ளி ஊற்றுங்கள். ஆற்றுச் சேறும் கடல் உப்பும் அங்கேதான் இறங்கும்.

கொழும்புப் பக்கம் போகிறவர்கள் கந்தளாயில் நிறுத்தி எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்குங்கள். அங்கிருந்து ஹபரணை வரைக்கும் யானை தெருவுக்கு வரும். பொழுதுபடுவதற்கு முன் அந்தத் துண்டைக் கடந்துவிட வேண்டும், யானையைப் படமெடுக்க வானைவிட்டு இறங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் தூங்கப் போகாதீர்கள், வான் இருக்கிறது. அடிப்பகுதியையும் சக்கரத்தின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீர்க் குழாயால் அடித்துக் கழுவுங்கள். சறுக்குக் கதவின் தண்டவாளத்தில் மணல் நிற்கும், பழைய பல்துலக்கியால் தட்டி எடுத்துவிட்டுக் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். மெத்தையை வெயிலில் போடுங்கள், காந்தங்களைத் துடைத்து வையுங்கள், துருப் பிடித்தால் வலை கிழியும்.